செவ்வாய்க்கிழமை நர்சும் வெள்ளிக்கிழமை வாத்தியாரும்

வாக்கருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் ஐப்பசி மழை. அரியலூர் பஸ் நகரத் தொடங்கிய நேரம் பார்த்து ஒரு பெண் ஓடி வந்து ஏறினாள். கையில் ஒரு வாக்கர். கால் உடைந்தவர்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்களே, அந்த நான்கு கால் அலுமினியச் சட்டம். மடக்கினால் மடங்கும் சாமான்தான். ஆனால் அன்றைக்கென்று மடங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். அது லக்கேஜ் இல்லை, ஒருத்தருடைய கால் என்றாள் அவள். அப்படியென்றால் காலுக்கு உடையவர் எங்கே என்று கேட்டார் கண்டக்டர்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் சிரித்துவிட்டான்.

பஸ்ஸில் மிச்சமிருந்த ஒரே இடம் அவன் பக்கத்தில்தான். அவள் நேராக வந்து உட்கார்ந்து, வாக்கரைத் தூக்கி அவன் மடிமேல் வைத்தாள். இஸ்திரி போட்ட அவனுடைய சாம்பல் நிறப் பேண்ட்டில் மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

“சிரிச்சீங்கல்ல... பிடிச்சுக்குங்க,” என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வரவில்லை. அவள் கண்ணிமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பேரளி தாண்டியதே தெரியவில்லை. எதிரே வந்த சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஜன்னல் வழியாகச் சேற்றை அடித்தபோதுதான் அவனுக்கு நினைவு திரும்பியது. வாக்கர் யாருக்கு என்று கேட்டான்.

அவ்வளவுதான். அவள் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஒரு பெரியவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்தாயிற்று. இனி நடந்தால்தான் கால் தேறும், படுத்தே கிடந்தால் கடைசிவரை படுக்கைதான். ஆனால் அவரை ஓர் அடி நடக்க விடாமல் ஒரு நர்சு கெடுத்துக்கொண்டிருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. ரிட்டயர் ஆகும் வயதில், சிடுமூஞ்சியாக, மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டவளாகத்தான் இருப்பாள்.

“நர்சுன்னாலே எனக்கு ஆகாதுங்க,” என்று முடித்தாள்.

அவன் கொஞ்சம் நெளிந்தான். தானும் ஆஸ்பத்திரி ஆள்தான் என்று மட்டும் சொல்லி, தன் பங்குக் கஷ்டத்தைச் சொன்னான். அவனுக்கும் ஒரு பெரியவர் உண்டு. சர்க்கரை நோய், வலது பாதத்தில் புண். தரையில் ஊன்றவே கூடாது. ஆனால் எங்கிருந்தோ ஓர் எக்ஸர்சைஸ் வாத்தியார் வந்து, விசில் அடிக்காத குறையாக அவரைத் தெருத் தெருவாக நடக்க வைக்கிறானாம். பயில்வான் மாதிரி ஓர் ஆளாகத்தான் இருக்க வேண்டும். மூளை மட்டும் கொஞ்சம் கம்மி.

அவள் அந்த வாத்தியாரை மனதார வைதாள். இவன் அந்த நர்சை வைதான். இருவருக்கும் பேச்சு இவ்வளவு சுலபமாக யாரோடும் ஒத்துப்போனதில்லை. அவன் உற்சாகத்தில் இன்னொன்றையும் சொன்னான்.

“அந்த ஆளு, முத்தமிழ்னு பேரு, வண்டி எடுத்தான்னா பெட்ரோல் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு இருக்கிறது ஒரே ஸ்கூட்டர். செவ்வாய்க்கிழமை எனக்கு, வெள்ளிக்கிழமை அவனுக்கு.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். இமையில் இருந்த துளி விழுந்தது.

“அவனுக்கு இல்ல,” என்றாள். “எனக்கு. முத்தமிழ்ங்கிறது நான்தான்.”

“அப்ப... அந்தக் கெழவி நர்சு...” என்று ஆரம்பித்து, சங்கதி புரிந்து, அவன் வாயை மூடிக்கொண்டான்.

நடந்தது இதுதான். அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பெரம்பலூரில் அதற்கு ஒரு கிளினிக். முத்தமிழ் வாரம் முழுக்கப் பெரம்பலூரில் வேலை பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை மட்டும் அரியலூர் போய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நோயாளிகளின் வீடுகளுக்குப் போவாள். செவ்வாய்க்கிழமை அதே ஸ்கூட்டரில் நர்ஸ் போவார். பழைய நர்சம்மா ஓய்வு பெற்று, செட்டிகுளத்து வீரமணி அந்த இடத்துக்கு வந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. முத்தமிழ் என்ற பெயரைக் கேட்டு அவன் ஆண் என்றே நினைத்துவிட்டான். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஸ்கூட்டர் சொன்னதுதான். அவள் பெட்ரோலைக் காலி செய்வாள். அவன் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பி வைப்பான், வண்டிப் பெட்டி முழுக்க ஸ்பிரிட் நாற்றம் அடிக்க விடுவான்.

இருவருக்கும் வாய்த்த பெரியவர் ஒரே பெரியவர்தான். திருமானூர் அமிர்தலிங்கம்.

அரியலூர் வரும்வரை சண்டை. இடது கால் நடக்க வேண்டும் என்றாள் அவள். வலது கால் தரையில் படக் கூடாது என்றான் அவன். இருவர் சொன்னதும் சரி. வம்பு அதில்தான் இருந்தது. ஒற்றைக் காலில் நொண்டியடித்துத்தான் அந்த மனிதர் போக வேண்டும் என்று பின் சீட்டில் இருந்த ஒரு பாட்டி தீர்ப்புச் சொன்னாள்.

அரியலூரில் அவள் வாக்கரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். நன்றி சொல்லவில்லை. வீரமணி மழையில் நனைந்தபடி தன் அறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இடது கையைத் திறந்து பார்த்தான். வாக்கரின் கால் நுனியில் மாட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் குப்பி ஒன்று அவன் கைக்குள் இருந்தது. சண்டை மும்முரத்தில் அதைத் திருகிக் கழற்றியிருக்கிறான்.

ரப்பர் இல்லாத வாக்கர் சிமெண்டுத் தரையில் வழுக்கும். வழுக்கினால் அந்தப் பெரியவர் மறுபடி விழுவார். அவனுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பெரியவரை நினைத்துத்தான் இறங்கவில்லை என்று அவன் சத்தியம் செய்வான். அந்த மழைத்துளியை எந்தக் கணக்கில் வைப்பது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. யாருடைய கிழமையும் இல்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருமானூர் போனான். அமிர்தலிங்கத்தின் வீட்டுத் தெருமுனையில், தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து குடையோடு இறங்கிக்கொண்டிருந்தாள் முத்தமிழ். நேற்று வாக்கரைக் கொடுக்கும்போதுதான் ரப்பர் இல்லாததைக் கவனித்திருக்கிறாள். தான் வரும்வரை அதைத் தொடவே கூடாது என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, அரியலூரில் கடை கடையாக ஏறி வேறு ரப்பர் வாங்கி, லீவு நாளில் பஸ் ஏறி வந்திருந்தாள்.

இருவரும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்கள். இரண்டு ரப்பர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அவசரமாக விழுங்கிக்கொண்டு, முன்னால் நடந்தாள்.

வீட்டு வாசலில் அமிர்தலிங்கத்தின் மனைவி கலியம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கே சரியில்லை. அவர் குளிக்கிறார் என்றாள். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. அப்படியானால் தூங்குகிறார் என்றாள். கட்டிலில் தலையணை மட்டும் இருந்தது. மூன்றாவது பொய் அவளுக்குக் கிடைப்பதற்குள் கரும்புக் காட்டுப் பக்கமிருந்து ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி படபடவென்று வந்தது.

வண்டியில் அமிர்தலிங்கம். வலது காலில் முழங்கால்வரை யூரியா சாக்கு சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. வாய்க்காலில் இறங்கி ஏறியவரைப் போல இடுப்புவரை சேறு. வாசலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்து அவர் பிரேக் போட்டார்.

“இன்னிக்கு சனிக்கெழமையாச்சே,” என்றார்.

அப்புறம் அவருடைய வித்தை முழுவதையும் கலியம்மாள்தான் போட்டு உடைத்தாள். மனுஷனுக்கு நடக்கவும் பிடிக்கவில்லை, படுக்கவும் பிடிக்கவில்லை. மழைத் தண்ணீர் தேங்கினால் கரும்பு வேர் அழுகிவிடும், தான் போய் வடிய விட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு நினைப்பு. அதனால் வெள்ளிக்கிழமைப் பொண்ணு வந்தால், காலை ஊன்றக் கூடாதென்று நர்சு சொன்னதாகச் சொல்லித் தப்பிப்பார். செவ்வாய்க்கிழமைத் தம்பி வந்து கட்டு ஈரமாக இருக்கிறதே என்று கேட்டால், எக்ஸர்சைஸ் வாத்தியார் நடக்க வைத்ததாகச் சொல்லுவார். மிச்ச நாளெல்லாம் வயலில்.

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்கன்னு இவருக்கு அம்புட்டு நம்பிக்க,” என்றாள்.

“வண்டி ஓட்டக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேருமே சொல்லலையே,” என்றார் அமிர்தலிங்கம். குரலில் நியாயம் கேட்கும் தோரணை.

வீரமணி அவரைக் கட்டிலில் உட்கார வைத்துச் சாக்கைப் பிரித்தான். கட்டு முழுக்கச் சேறு. கட்டை அவிழ்த்ததும் முத்தமிழ் குனிந்து பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தில், குழியாக ஒரு புண். அவள் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இங்கே வந்திருக்கிறாள். வரும்போதெல்லாம் அது வெள்ளைக் கட்டுக்குள் இருந்தது. அவிழ்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவர் வேட்டி ஈரமாக இருந்ததால் கலியம்மாள் மாற்றிவிட்டாள். அப்போது வீரமணியும் ஒன்றைப் பார்த்தான். இடது தொடை வற்றி, கை தடிமன்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவன் பாதத்தைத் தாண்டிப் பார்வையை உயர்த்தியதே இல்லை. படுத்துக்கொள்ளுங்கள், அசையாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி அந்தத் தொடையைக் கரைத்ததில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை.

“வெரல எடுத்துடுவாங்க, அப்புறம் காலயே எடுத்துடுவாங்கன்னு எனக்குத் தெரியும் பாப்பா,” என்றார் அமிர்தலிங்கம், சுவரைப் பார்த்தபடி. “அதுக்கு முன்னாடி சொந்தக் கால்ல நின்னு வயல ஒரு தடவ பாத்துக்கலாம்னுதான் போறது. பாத்தா... இன்னொரு தடவ பாக்கணும்னு தோணுது.”

கலியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீரமணி கழுவினான். வெளிச்சம் போதவில்லை. முத்தமிழ் செல்போன் விளக்கை ஒரு கையில் பிடித்தாள், மறு கையால் குதிகாலைத் தாங்கினாள். அந்தச் சேற்றிலும் நாற்றத்திலும் அவன் விரல்கள் அவ்வளவு மெதுவாக, பொறுமையாக வேலை செய்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பஞ்சை எடுக்கும்போது அவன் கை அவள் கையில் பட்டது. கையுறை போட்ட கைதான். இருந்தாலும் விளக்கு ஆடியது. விளக்கை நேராகப் பிடிக்கச் சொன்னான் அவன். காற்று அடிக்கிறது என்றாள் அவள். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

அன்று மாலையே ஆஸ்பத்திரி டாக்டர் நந்தினிக்குப் புண்ணின் படம் போனது. திங்கட்கிழமை காலை இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார் அவர்.

“ஒரே மனுஷனுக்கு ரெண்டு காலு. ஆளுக்கொண்ணா பங்கு போட்டுக்கிட்டீங்களா?”

இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தை பிறப்பதற்குள் புண் மூடத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை, சர்க்கரைக்காரர் கால் ஒரு விரலோடு நிற்கிற சமாச்சாரமும் இல்லை என்றார் டாக்டர். அவர் பங்குக்கு மருந்தை மாற்றினார். இனிமேல் இருவரும் ஒரே நாளில், ஒரே வண்டியில் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஸ்கூட்டர் ஒன்றுதானே இருக்கிறது என்று வீரமணி கேட்டான். அதற்குப் பின்சீட்டு இல்லையா என்று டாக்டர் கேட்டார்.

இருந்தது. யார் ஓட்டுவது என்பதில் ஒரு சண்டை நடந்து, அவள் ஜெயித்தாள். அவன் மருந்துப் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். அவள் கண்ணாடியைத் தனக்குத் தோதாகத் திருப்பினாள். கீழப்பழுவூர் போவதற்குள், கண்ணாடியில் அவன் முகம் தெரிகிறது என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதே கண்ணாடியில் அவள் கண்கள் தெரிகின்றன என்பதை அவனும் கண்டுபிடித்துவிட்டான். சாலை மட்டும் அதில் தெரியவே இல்லை. ஆனாலும் இருவரும் அதைத் திருப்பவில்லை.

சேர்ந்து யோசித்தால் வழி இருந்தது. வலது பாதத்துக்கு மெத்தென்ற செருப்பு ஒன்று செய்து, புண்ணுக்கு நேரே குழி விட்டு, பாரம் அதில் படாமல் பார்த்துக்கொண்டார்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே இடது காலுக்குப் பயிற்சி. நடை கொஞ்சம்தான், அதுவும் வாக்கரோடு. முதலில் அவள் நடத்துவாள், பிறகுதான் அவன் கட்டைப் பிரிப்பான். புண்ணில் சிவப்பு தெரிந்தால் அடுத்த முறை நடையைக் குறைப்பாள். தெரியாவிட்டால் கூட்டுவாள். தினமும் சாயங்காலம் பாதத்தைப் பார்ப்பது கலியம்மாள் வேலை. கரும்புக்கு வடிகால் வெட்டுவதை அவள் தம்பி ஏற்றுக்கொண்டார். அவர் தினமும் வயலைச் செல்போனில் படம் பிடித்து அமிர்தலிங்கத்திடம் காட்ட வேண்டும் என்பது முத்தமிழ் போட்ட நிபந்தனை.

இன்னொரு விதியும் போட்டார்கள். அமிர்தலிங்கத்துக்காகவே போட்ட விதி. அவர் “அந்தத் தம்பி சொன்னுச்சு”, “அந்தப் பாப்பா சொன்னுச்சு” என்று எதைச் சொன்னாலும் நம்பக் கூடாது. உடனே, அவர் எதிரிலேயே, சம்பந்தப்பட்டவருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். பதில் இரண்டே விதம். சொல்லியிருந்தால், “சொன்னேன், செய்யலாம்.” சொல்லாவிட்டால், “சொல்லல, செய்ய வேண்டாம்.”

அமிர்தலிங்கம் விடுகிற ஆளா. நர்சு தம்பி இரண்டு பூவன் பழம் சாப்பிடச் சொன்னதாக அவளிடம் சொன்னார். போன் போனது. சொல்லல, செய்ய வேண்டாம். செட்டிகுளம் மலைக்கோயில் படியேறி வரலாம் என்று பாப்பா சொன்னதாக அவனிடம் சொன்னார். போன் போனது. சொல்லல, செய்ய வேண்டாம். கடைசியில் அவரே அலுத்துப்போய், இந்தக் காலத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை என்று கலியம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

மழை விட்டு மார்கழி வந்தது. புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் வளரத் தொடங்கியது. அன்று வீரமணி வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்று முத்தமிழுக்கு அன்றுதான் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். அந்த வாரம் முழுக்க, பெரம்பலூர் கிளினிக்கில் வலது தோளுக்கு வந்தவருக்கு இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு நடந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வீரமணிக்கு ஒரு பழைய காயம் இருந்தது. போன வருஷம் செட்டிகுளத்தில் அவனுக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பையன் நர்ஸ் வேலை பார்க்கிறான் என்று தெரிந்ததும், கொண்டுபோன தாம்பூலத் தட்டைப் பெண் வீட்டார் தொடக்கூட இல்லை. ஆம்பளைக்கு இது ஒரு வேலையா என்று பெண்ணின் மாமா சத்தமாகவே கேட்டார். இனி எந்தப் பெண்ணிடமும் போய் நிற்பதில்லை என்று அவன் முடிவு செய்தது அன்றைக்குத்தான். போதாததற்கு, முத்தமிழ் பஸ்ஸில் சொன்ன வார்த்தை வேறு அவன் காதிலேயே குடியிருந்தது. நர்சுன்னாலே எனக்கு ஆகாதுங்க...

முத்தமிழுக்கும் அந்த வார்த்தைதான் முள். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பலமுறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் வீம்பு வந்து குறுக்கே நின்றது. அவராகக் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அவள் அப்பா, தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டதற்கு, புண் கழுவத் தெரிந்த ஆள் என்று அவள் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தையும் பிறந்தது. அமிர்தலிங்கத்தைக் காரில் அரியலூர் அழைத்துப் போனார்கள். டாக்டர் நந்தினி பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரம் முழுக்க முத்தமிழ் தன்னை அறியாமல் வீரமணியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரலை எடுக்க வேண்டியதில்லை, புண் மூடிவிட்டது என்றார் டாக்டர். கலியம்மாள் டாக்டரை விட்டுவிட்டு இவர்கள் இருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்குத் திரும்பியதும் அமிர்தலிங்கம் வாக்கரோடு வரப்பு முனைவரை நடந்து போய், தன் கரும்பைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்.

எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு பேருக்கு மட்டும் இல்லை. புண் ஆறிவிட்டது. இனி சேர்ந்து போக வேண்டிய அவசியம் இல்லை. செவ்வாய் அவனுக்கு, வெள்ளி அவளுக்கு என்று ஸ்கூட்டர் பழையபடி பிரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் போய் வந்தாள். செவ்வாய்க்கிழமை அவன் வண்டியை எடுத்தபோது டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. கண்ணாடி, பின்சீட்டைப் பார்த்தபடி அப்படியே இருந்தது. அவனும் அதைத் திருப்பவில்லை.

திருமானூரில் பாதத்தைப் பார்த்து முடித்து, பெட்டியை மூடும்போது அமிர்தலிங்கம் தொண்டையைக் கனைத்தார்.

“வெள்ளிக்கெழம அந்தப் பாப்பா ஒண்ணு சொன்னுச்சு தம்பி.”

“பழமா, பலகாரமா?” என்றான் வீரமணி, நிமிராமல்.

“அதெல்லாம் இல்ல. ‘அந்த நர்சு வந்து என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டா, நான் சரின்னுடுவேன்’னுச்சு.”

வீரமணியின் கையிலிருந்த கத்தரிக்கோல் பெட்டிக்கு வெளியே விழுந்தது. காதிரண்டும் சிவந்துபோயின. விளையாடாதீர்கள் என்றான். கலியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அமிர்தலிங்கம் மிகவும் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டார்.

“என்னய ஏன் தம்பி கேக்குற? ரூல்ஸ் போட்டது நீங்கதான. போனப் போடு.”

போடாமல் இருந்திருக்கலாம். அவர் பொய் சொல்கிறார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அவர் சொன்னதில் ஒன்றுகூட இதுவரை உண்மையாக இருந்ததில்லை. கேட்டால் சொல்லவில்லை என்றுதான் அவள் சொல்லப்போகிறாள். அதைக் கேட்பதற்குப் பதில் அந்தத் தாம்பூலத் தட்டையே இன்னொரு முறை தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் விதி என்றால் விதி. அவன் போன் போட்டான்.

“முத்தமிழ்... அய்யா ஒண்ணு சொல்றாரு.” விழுந்த கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான். “நான் வந்து... கட்டிக்கிறீங்களான்னு கேட்டா... நீங்க சரின்னுடுவீங்கன்னு. நீங்க அப்படிச் சொன்னீங்களா?”

மறுமுனையில், பெரம்பலூர் கிளினிக்கில் யாரோ தோள் வலிக்கிறது என்று முனகுவது மட்டும் கேட்டது.

“சொல்லல,” என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். சரிங்க, விதிக்காகத்தான் கேட்டேன், வைத்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் குரல் வந்தது. சின்னதாக, அவசரமாக.

“வச்சிடாதீங்க. வெள்ளிக்கிழமை அவர் என்கிட்டயும் இதே மாதிரிதான் சொன்னாரு. நீங்க என்னைக் கட்டிக்க ஆசைப்படுறதா சொன்னீங்கன்னு. ரூல்படி நான் அப்பவே உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கணும்... போடல.”

“ஏன்?”

“சொல்லலன்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”

வீரமணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். செட்டிகுளத்து மாமா, தாம்பூலத் தட்டு, பஸ்ஸில் கேட்ட வார்த்தை எல்லாம் எங்கேயோ போயின. பெரம்பலூரில் ஒரு பெண் தன்னைப் போலவே, தன் அளவுக்கே பயந்துகொண்டு, செல்போனைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.

“நான் அப்படிச் சொல்லல முத்தமிழ்,” என்றான். “ஆனா... செய்யலாம்.”

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

“செய்யலாம்,” என்றாள்.

அமிர்தலிங்கம் வெற்றிப் பெருமிதத்தோடு தலையணையில் சாய்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அவிழ்த்துவிட்ட பொய் ஒன்று பலித்திருந்தது. சூடு ஆறுவதற்குள் இன்னொன்றையும் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

“நல்ல சேதி. இதுக்கு வெல்லம் போட்டு ஒரு டம்ளர் பாயசம் குடிக்கலாம்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க.”

போனிலிருந்தும் கட்டில் ஓரத்திலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே குரலாக வந்தது பதில்.

“சொல்லல. செய்ய வேண்டாம்.”